விளைச்சல் எவருக்கு உரியது? பரங்கி அறுவடையும் நன்றியின் அறமும்

உழைத்துப் பெற்ற ஒன்றுக்காக மனிதர் நன்றி சொல்லக் கடமைப்பட்டவரா என்பது சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலமாக எதிர்கொண்டு வரும் கேள்வி. கேளாமல் கிடைத்த கொடைக்கு நன்றி சொல்வதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. கூலியாக வந்த பணத்துக்கு நன்றி தேவையில்லை என்பதிலும் பெரும்பாலோர் உடன்படுவர், ஏனெனில் கூலி கொடுத்த உழைப்புக்கு ஈடாகத் திரும்பி வருவது, அது கைமாறிய பின் எந்தத் தரப்பும் மற்றதற்குக் கடன்பட்டு நிற்பதில்லை. வேளாண் விளைச்சல் இவ்விரண்டில் எந்த வகையைச் சேரும் என்று கேட்கும்போது விடை எளிதில் அகப்படுவதில்லை. உழவர் பாடுபடாமல் வயல் விளைவதில்லை. அவருடைய பாடு மட்டுமே ஒரு விதையையும் முளைக்க வைத்ததில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒருசேர ஏற்பவர், அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்த நாளில் அந்த நிறைவின்மீது தமக்குள்ள உரிமை எவ்வளவு என்பதைத் தீர்மானித்தாக வேண்டும்.

இக்கட்டுரை அந்தக் கேள்வியை வட அமெரிக்காவின் வடகிழக்கில், நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஃபிங்கர் லேக்ஸ் என்னும் ஏரித் தொகுதியைச் சூழ்ந்த குடும்பப் பண்ணைகளின் இலையுதிர்கால அறுவடையை முன்வைத்து ஆராய்கிறது. செப்டம்பரிலிருந்து அக்டோபர் இறுதி வரை அவ்வயல்களில் குவியும் பரங்கிக்காய் இந்த ஆய்வுக்கு இருவகையில் பொருத்தமானது: அது அந்தக் கண்டத்திலேயே பயிராக உருவானது, விளைச்சலைப் பற்றி ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கருத்துகள் அது விளையும் மண்ணிலேயே நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. பரங்கி என்று இங்கே குறிக்கப்படுவது குக்கர்பிட்டா என்னும் பேரினத்தைச் சேர்ந்த, உட்சதை மஞ்சளான காய். தமிழகத்தில் திருஷ்டி கழிக்க உடைக்கப்படும் வெண்பூசணி ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது.

வயலில் நடப்பது

பரங்கி வேளாண்மையில் மனித உழைப்பின் பங்கைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. மே மாத இறுதியில், உறைபனி விழும் அச்சம் நீங்கிய பிறகு விதை ஊன்றப்படுகிறது. கொடி படர்ந்து நிலத்தை மூடும் வரை களை எடுக்க வேண்டும். இலைகளில் வெண்பொடி தூவியதுபோல் படரும் சாம்பல் நோயைக் கோடை முழுவதும் கண்காணிக்க வேண்டும். வகைக்கு ஏற்ப 90 முதல் 120 நாள்களில் காய் முற்றி, தோல் நகம் இறங்காத அளவுக்குக் கெட்டிப்பட்ட பின், கடும் உறைபனி வருமுன் காம்போடு சேர்த்து அறுக்கப்படுகிறது. காம்பு ஒடிந்த காயில் அந்த இடத்தின் வழியாகவே அழுகல் நுழைகிறது. அறுத்த காய்களைச் சுமார் பத்து நாள்கள் கதகதப்பான, காற்றோட்டமான இடத்தில் வைத்துத் தோலை இறுகச் செய்து, பிறகு 10 முதல் 13 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஈரம் படாமல் அடுக்கினால் அவை குளிர்காலத்தில் பல மாதங்கள் கெடாமல் இருக்கும். ஒரு குடும்பத்தின் பல தலைமுறை அனுபவம் இந்த ஒவ்வொரு கட்டத்திலும் செயல்படுகிறது.

ஆயினும் காய் பிடிப்பதா இல்லையா என்பது தீர்மானமாகும் நேரத்தில் உழவர் வயலில் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பரங்கிக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக மலர்கின்றன. ஒவ்வொரு பூவும் விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடுகிறது. அதன் மகரந்தம் பெரியது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காதது. ஆகவே அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு பூச்சி அதைச் சுமந்து சென்றால்தான் பெண் பூவின் அடியிலுள்ள பிஞ்சு காயாகும், இல்லையேல் அது வெம்பி உதிரும். இந்த வேலையை வட அமெரிக்காவில் திறம்படச் செய்வது ஸ்குவாஷ் தேனீ எனப்படும் ஒரு காட்டுத் தேனீ. கூட்டமாகக் கூடு கட்டி வாழாத இவ்வினத்தில் ஒவ்வொரு பெண் தேனீயும் பரங்கி வயலின் மண்ணிலேயே தனக்கென வளை தோண்டி, பரங்கி மகரந்தத்தை மட்டுமே தன் குஞ்சுகளுக்கு உணவாகச் சேர்க்கிறது. ஆண் தேனீக்கள் வாடி மூடிய பூக்களுக்குள் உறங்குகின்றன. விளைச்சலைத் தீர்மானிக்கும் இந்தச் செயல் எவருடைய கட்டளையாலும், எவரும் தரும் கூலிக்காகவும் நடப்பதில்லை.

உழைப்பே உரிமை என்னும் வாதம்

விளைச்சல் முழுவதும் உழைத்தவருக்கே உரியது என்னும் கருத்துக்கு மேற்கத்திய மெய்யியலில் மிக வலுவான வடிவம் தந்தவர் ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக். 1689இல் வெளிவந்த 'அரசு பற்றிய இரண்டாம் ஆய்வுரை' என்னும் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் அவர் வைக்கும் வாதம் இது: பூமி தொடக்கத்தில் மனிதர் அனைவருக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்டது, ஒவ்வொருவரும் தம் உடலுக்கும் உழைப்புக்கும் தாமே உடைமையாளர், ஆகவே பொதுவான ஒன்றில் ஒருவர் தம் உழைப்பைக் கலக்கும்போது அது அவருடைய உடைமையாகிறது. மனித வாழ்வுக்குப் பயன்படும் நிலத்தின் விளைபொருள்களில் பத்தில் ஒன்பது பங்கு உழைப்பின் விளைவே என்று முதலில் கணக்கிட்ட லாக், அடுத்து அந்தக் கணக்கும் குறைவானது என்று கூறி, பெரும்பாலான பொருள்களில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு உழைப்புக்கே சேரும் என்கிறார்.

இந்தக் கணக்கில்தான் வாதத்தின் பலமும் பலவீனமும் அடங்கியிருக்கின்றன. உழைக்காத பிரபு அறுவடையை எடுத்துக்கொள்வது அநீதி என்று காட்டுவதற்கு உழைப்பை முதன்மைப்படுத்துவது தேவையான கருவி. குத்தகை விவசாயியின் உரிமையைப் பேசும் எவரும் அதைக் கைவிட முடியாது. ஆனால் உழவரின் பங்கை அளப்பதற்கு லாக் எடுத்துக்கொள்வது, உழுத நிலத்துக்கும் உழாத நிலத்துக்கும் இடையே உள்ள விளைச்சல் வேறுபாட்டை மட்டுமே. அந்த வேறுபாடு தோன்றுவதற்கு ஏற்கெனவே இருந்தாக வேண்டிய விதையும் மேல்மண்ணும் மழையும் பூச்சியும் அவருடைய கணக்கில் மதிப்பற்ற மூலப்பொருளாகிவிடுகின்றன. பரங்கி வயலில் தேனீ வராவிட்டால் உழவு, களையெடுப்பு, காவல் அனைத்தும் சேர்ந்தும் ஒரு காயைத் தருவதில்லை. அதேபோல் விதை ஊன்றுவார் இல்லையென்றால் தேனீயால் மட்டும் அந்த வயல் விளைவதில்லை. ஒன்று இல்லையேல் மற்றது பயனற்றுப் போகும் இரண்டு காரணங்களுக்கிடையே விளைவை நூற்றுவீதமாகப் பங்கிட முயல்வது, ஒரு பெருக்கல் தொகையில் எந்த எண்ணுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்பதற்கு ஒப்பானது. அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. விளைச்சலில் தமக்கு உரிய பங்கு இவ்வளவு என்று உழைத்தவர் துல்லியமாக வரையறுக்க முடியாமல் போகும் இந்த இடத்திலேயே நன்றி என்னும் கருத்து தேவைப்படத் தொடங்குகிறது.

பத்தாயிரம் ஆண்டுக் கடன்

ஒரு பண்ணையின் ஓராண்டைத் தாண்டிப் பார்த்தால் இந்தச் சிக்கல் இன்னும் விரிகிறது. மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தில் கீலா நக்கீட்ஸ் என்னும் குகையில் கிடைத்த பரங்கி விதைகளை ஆராய்ந்து தொல்லியலாளர் புரூஸ் ஸ்மித் 1997இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள மக்கள் பரங்கியைப் பயிரிட்டு வந்தனர். அமெரிக்கக் கண்டங்களில் மக்காச்சோளத்துக்கும் முந்திய பயிர் அது. அதற்கு முன் காட்டில் இருந்த பரங்கி இனங்கள் சிறியவை, குக்கர்பிட்டாசின் என்னும் வேதிப்பொருளால் கடுங்கசப்பானவை, உண்டவருக்கு நஞ்சாகக் கூடியவை. கசப்பைப் பொருட்படுத்தாத பேருடல் விலங்குகளே அவற்றைத் தின்று விதைகளைப் பரப்பின. மாஸ்டடான் என்னும் அற்றுப்போன யானை இன விலங்கின் தொல்சாணத்தில் இவ்விதைகள் கிடைத்துள்ளன. அவ்விலங்குகள் மறைந்த பிறகு காட்டுப் பரங்கி இனங்கள் பல நலிந்தன. மனிதர் கசப்புக் குறைந்த காய்களைத் தேர்ந்து விதைக்கு விட்டு, மீண்டும் மீண்டும் ஊன்றி வந்ததால் அவற்றின் வழிவந்த பயிரினங்கள் நிலைத்தன.

பெயர் தெரியாத அந்த மக்களின் பல நூறு தலைமுறைத் தெரிவுகள் இன்றைய ஒவ்வொரு இனிய காயிலும் அடங்கியிருக்கின்றன. பயிர் வடக்கே பரவியபோது தேனீயும் அதைப் பின்தொடர்ந்தது: மெக்சிகோவிலும் அதை ஒட்டிய வறள்நிலங்களிலும் காட்டுப் பரங்கி இனங்களை நம்பி வாழ்ந்த ஸ்குவாஷ் தேனீ, மனிதர் வயல் அமைத்த வழியிலேயே வடகிழக்கு வரை வந்தது என்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இங்கே கொடுப்பவர் ஒரு பக்கமும் பெறுபவர் மறுபக்கமும் என்ற பிரிவினை நிலைப்பதில்லை. விலங்கு காய்க்கும், காய் மனிதருக்கும், மனிதர் தேனீக்கும், தேனீ மீண்டும் காய்க்கும் உதவிய நெடிய தொடர் ஒன்றில் ஓராண்டுப் பண்ணையாளர் மிகப் பிந்தி வந்து சேர்கிறார். 1492க்குப் பிறகு கடல் கடந்து பரவிய இந்தப் பயிரைப் பெற்றுக்கொண்ட எல்லா நாட்டினரும் அந்தத் தொடரில் இணைந்தவர்களே; மார்கழிக் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையார்மீது வைக்கப்படும் மஞ்சள் பூவும், பொங்கலன்று குழம்பில் சேரும் பரங்கிக்காயும் தமிழ்நாட்டு வீடுகளையும் அந்த ஆதி அமெரிக்க உழவர்களுக்குக் கடன்பட்டவையாக ஆக்குகின்றன.

எண்ணமில்லாத உதவிக்கு நன்றி உண்டா

இவ்விடத்தில் ஒரு கடினமான மறுப்பு எழுகிறது. நன்றி என்பது நன்மை செய்ய எண்ணியவருக்கு உரியது. தேனீ தன் குஞ்சுக்காக மகரந்தம் சேர்க்கிறது, மழை எவரையும் நினைந்து பெய்வதில்லை. அவற்றுக்கு நன்றி சொல்வது பொருளற்ற செயல் என்று ஒருவர் வாதிடலாம். முதல் நூற்றாண்டு ரோமானிய மெய்யியலாளர் செனெக்கா 'நன்மைகள் பற்றி' என்னும் நூலில் இதையே எதிர்கொள்கிறார். எண்ணம் இல்லாமல் தற்செயலாக விளைந்த உதவி கடனை உண்டாக்காது என்று கூறும் அவர், அப்படியானால் ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் மனிதர் கடன்பட்டவர் இல்லையா என்னும் வினாவைத் தாமே எழுப்பி, உலகை ஆளும் பேரறிவு மனிதரைப் படைக்குமுன்பே அவர்களைக் கருத்தில் கொண்டிருந்தது, ஆகவே அவற்றின் உதவி எண்ணமில்லாதது அன்று என்று விடை தருகிறார். இயற்கை முழுவதையும் ஒரு தெய்வ அறிவு ஒழுங்குபடுத்துகிறது என்னும் ஸ்டோயிக் கொள்கையை ஏற்பவருக்கு இந்த விடை போதுமானது. யூத, கிறித்தவ மரபுகளும் படைத்தவரின் எண்ணத்தை முன்வைத்தே மழைக்கும் விளைச்சலுக்கும் நன்றி சொல்கின்றன. தமிழ் மரபில் திருக்குறள் வேறொரு வழியில் செல்கிறது. கைம்மாறு எதிர்பாராத மழையை ஒப்புரவு என்னும் அறத்துக்கு அது எடுத்துக்காட்டாக வைப்பதால், எண்ணம் உண்டா என்ற ஆராய்ச்சி அங்கே பின்னுக்குச் செல்கிறது.

ஃபிங்கர் லேக்ஸ் பகுதியின் பூர்வகுடிகளான ஹோடெனோஷோனி மக்களின் மரபு இதற்குத் தரும் விடை தனிச்சிறப்புடையது. மொஹாக், ஒனைடா, ஒனன்டாகா, கயூகா, செனிக்கா, டஸ்கரோரா ஆகிய ஆறு நாட்டினங்களின் கூட்டமைப்பைக் குறிக்கும் பெயர் அது. அம்மக்களின் சடங்குகளும் ஆட்சிக் கூட்டங்களும், எல்லாவற்றுக்கும் முன் சொல்லப்பட வேண்டிய சொற்கள் என்று பொருள்படும் ஒரு நன்றியுரையுடன் தொடங்குகின்றன. உரைப்பவர் முதலில் மனிதருக்கும், பின் பூமித்தாய், நீர், மீன், செடிகொடி, உணவுப் பயிர், மூலிகை, விலங்கு, மரம், பறவை, காற்று, இடி, ஞாயிறு, திங்கள், விண்மீன் என முறையாக ஏறி, இறுதியில் படைத்தவருக்கும் நன்றி கூறுகிறார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கூடியிருப்போரின் மனங்கள் ஒன்றுபட்டன என்று அறிவிக்கப்படுகிறது. இந்த உரையின் உட்கருத்து, ஒவ்வொரு உயிரும் பொருளும் தனக்குப் படைப்பில் விதிக்கப்பட்ட கடமையை இன்றும் விடாமல் செய்து வருகிறது என்பதே. தேனீயோ மழையோ மனிதரை விரும்பி உதவியதா என்று அது கேட்பதில்லை; அவை தம் கடமையைச் செய்திருக்கின்றன என்று கண்டறிந்து ஒப்புக்கொள்வதையும், மற்றவற்றோடு இசைந்து வாழ்வதையும் மனிதருக்கு உரிய கடமையாக வைக்கிறது.

செனெக்காவின் சிக்கல் இந்த மாற்றத்தால் பெரிதும் தளர்கிறது. நன்றி என்பதைக் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையிலான தனிப்பட்ட கணக்காகக் கருதும்வரைதான் கொடுத்தவரின் எண்ணம் முதன்மையாகிறது. ஒரு பொதுவான உலகில் ஒவ்வொன்றும் சுமக்கும் பொறுப்பை அடையாளம் காணும் அறிவாக அதைக் கொண்டால், எண்ணமில்லாதவற்றுக்கும் நன்றி பொருந்துகிறது. மக்காச்சோளம், பீன்ஸ், பரங்கி ஆகிய மூன்றையும் சகோதரிகள் என்று அழைத்து ஒரே மேட்டில் ஊன்றிய ஹோடெனோஷோனி பெண்களின் வேளாண்முறை அந்த அறிவின் நேரடி வடிவம். சோளத்தண்டு பீன்ஸ் கொடிக்குக் கொழுகொம்பாகிறது. பீன்ஸின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. அகன்ற பரங்கி இலைகள் மூடாக்குப் போல நிலத்தை மறைத்து ஈரத்தைக் காத்துக் களையை அடக்குகின்றன. வானிலிருந்து இறங்கிய பெண்ணின் மகள் இறந்தபோது அவளுடைய உடலிலிருந்தே இப்பயிர்கள் முளைத்தன என்று அம்மக்களின் படைப்புக் கதையின் பல வடிவங்கள் கூறுகின்றன. அக்கதையைக் கேட்டு வளர்ந்தவர் தம் உணவை வெறும் சரக்காகப் பார்ப்பது அரிது.

பறிக்கப்பட்ட நிலத்தில் சொல்லப்படும் நன்றி

கொடையைப் பற்றிய எந்தச் சிந்தனையும் அந்தக் கொடை எந்த வழியில் கைக்கு வந்தது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. அமெரிக்க விடுதலைப் போரில் ஆறு நாட்டினங்களுள் நான்கு பெரும்பாலும் பிரிட்டிஷாரின் பக்கம் நின்றதால், 1779இல் ஜார்ஜ் வாஷிங்டனின் ஆணையின்படி ஜான் சல்லிவன் தலைமையிலான படை செனிக்கா, கயூகா மக்களின் நிலங்களுக்குள் புகுந்து நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களையும், அறுவடைக்கு நின்ற சோளம், பீன்ஸ், பரங்கி வயல்களையும் பழத்தோட்டங்களையும் அழித்தது. அவ்வயல்களின் பரப்பையும் செழிப்பையும் கண்டு வியந்த வீரர்களின் நாட்குறிப்புகள் இன்றும் உள்ளன. பயிரை இழந்தவர்கள் நயாகரா கோட்டையைச் சுற்றி அகதிகளாகத் தங்கிய அந்தக் கடுங்குளிர்காலத்தில் பலர் பசியாலும் நோயாலும் மாண்டனர். போருக்குப் பிறகு அந்த நிலத்தின் பெரும்பகுதி படைவீரர்களுக்கும் நில வணிகர்களுக்கும் குடியேறிகளுக்கும் சென்றது.

உழைப்பே உரிமை என்னும் கோட்பாடு தன் சொந்த அளவுகோலிலேயே இங்கு தோற்றுப்போனது. அமெரிக்காவின் உள்நாட்டு நிலங்களை உழுது பயன்படுத்தப்படாத காடுகளாகவே லாக் தம் நூலில் எடுத்துக்காட்டியிருந்தார்; அங்கே நூற்றாண்டுகளாகப் பெண்கள் உழைத்து விளைவித்த வயல்கள் இருந்ததை அந்தச் சித்திரம் மறைத்தது. தெய்வம் தந்தது என்னும் மொழியும் அதே அளவுக்குத் தவறாகப் பயன்படக் கூடியது. 1621 இலையுதிர்காலத்தில் பிளிமத் குடியேறிகளும் மசசாய்ட் தலைமையில் வந்த வாம்பனோவாக் மக்களும் மூன்று நாள் சேர்ந்து உண்ட அறுவடை விருந்து பிற்காலத்தில் நன்றி நாளின் மூலமாகக் கொண்டாடப்பட்டது. ஆபிரகாம் லிங்கன் 1863இல் அந்த நாளை நாடு முழுவதற்குமாக அறிவித்தார். அதே பிளிமத் நகரில் 1970 முதல் பூர்வகுடி மக்கள் அந்த நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடித்து வருகின்றனர். அம்மக்களின் துக்கம், நன்றி சொல்பவர் கேட்டாக வேண்டிய ஒரு வினாவை முன்வைக்கிறது: பிறரிடமிருந்து பறித்ததை இறைவன் தந்ததாகச் சொல்லி நன்றி கூறினால், அந்த நன்றி பறித்தலுக்கு முத்திரையிடும் செயலாகாதா? மனித வழிகளை மறைக்காமல், நிலத்தையும் விதையையும் அறிவையும் தந்தவர் யார், இழந்தவர் யார் என்று பெயரிட்டுச் சொல்லும் நன்றி மட்டுமே உண்மையானதாக இருக்க முடியும்.

விளையாத ஆண்டு

விளைச்சல் கொடை என்றால் விளையாமை என்ன என்பது இறையியலின் பழைய சிக்கல். விவிலியத்தின் உபாகமம் 28ஆம் அதிகாரம், கீழ்ப்படிந்தவருக்கு நிறைந்த களஞ்சியத்தையும் கீழ்ப்படியாதவருக்கு வெறுமையையும் சொல்லி, விளைச்சலைப் பக்தியின் பலனாகக் காட்டுகிறது. ஆனால் வயல்களின் அனுபவம் அதற்கு ஒத்துவருவதில்லை. அமெரிக்காவில் பதப்படுத்தலுக்கான பரங்கியை மிக அதிகமாக விளைவிக்கும் இல்லினாய் மாநிலத்தில் 2009இல் அறுவடைக் கால மழையால் காய்கள் வயலிலேயே அழுகின. 2015இல் ஜூன் மாதப் பெருமழை விளைச்சலைக் கடுமையாகக் குறைத்தது. அந்த ஆண்டுகளில் இழந்த குடும்பங்கள் மற்றவரைவிட அறத்தில் குறைந்தவர்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. விவிலியத்துக்குள்ளேயே யோபுவின் நூல் இந்தக் கணக்கை மறுக்கிறது; அபகூக் நூலின் இறுதிப் பகுதியோ, வயல் தானியம் தராத நிலையிலும் இறைவனில் மகிழ்வதைப் பேசுகிறது.

விளைச்சலைப் பக்திக்கான கூலியாகக் கருதுவோருக்கே விளையாமை தண்டனையாகிறது. அதைக் கொடையாகக் கருதுவோருக்கு அந்த முடிவு தேவையில்லை, ஏனெனில் எவருக்கும் கடனாகாத ஒன்று வராதபோது அநீதியோ தீர்ப்போ அங்கே நிகழ்வதில்லை. நொந்துபோன உழவர் தம்மைக் குற்றவாளியாக்கிக்கொள்ளாமலும், நல்ல மகசூல் எடுத்த அண்டை வீட்டார் தம்மைத் தகுதியுடையவராக உயர்த்திக்கொள்ளாமலும் இருக்க இந்தப் பார்வை உதவுகிறது. இன்னொன்றையும் அது கேட்கிறது: தகுதியைப் பாராமல் நிறைந்த களஞ்சியம், தகுதியைப் பாராமல் வெறுமையான களஞ்சியத்துக்குக் கைகொடுக்க வேண்டும்.

நன்றியின் மூன்றாம் படி

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் நன்றியில் மூன்று படிகளைக் காண்கிறார்: பெற்ற நன்மையை அறிதல், அதைப் போற்றி வாய்விட்டுச் சொல்லுதல், தகுந்த காலத்தில் தம் ஆற்றலுக்கு ஏற்பத் திருப்பிச் செய்தல். முதல் இரண்டு படிகளை விருந்தும் வழிபாடும் நிறைவேற்றிவிடும். தேனீக்கும் மழைக்கும் பெயர் தெரியாத முன்னோருக்கும் எதையும் நேரடியாகத் திருப்பித் தர முடியாது என்பதால் மூன்றாம் படி கடினமானது. பழைய சமயச் சட்டங்கள் இதற்குக் கண்ட வழி, கைம்மாற்றைத் திசை மாற்றி, கொடுத்தவருக்குச் செல்ல முடியாததைத் தேவையுள்ளவருக்குச் செலுத்துவது. வயலின் ஓரங்களை முற்றும் அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவில் 'பேயா', அதாவது வயலின் மூலை என்னும் பகுதி, இதற்கு மேல் வரம்பு எதுவும் வைக்காமல், அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று கீழ் வரம்பை மட்டும் வகுக்கிறது. சேமித்து வைக்கத்தக்க விளைபொருளுக்கே இக்கடமை பொருந்தும் என்றும் அது கூறுகிறது. குவித்து வைக்க முடிகிற பொருளில்தான் பிறரை மறக்கும் வாய்ப்பும் மிகுதி என்பதை எண்ணினால் அந்த விதியின் நுட்பம் புலப்படும்.

லாக்கின் நூலிலும் இதற்கு இணையான ஓர் எல்லை உண்டு. எவரும் தம்மால் பயன்படுத்த முடியாமல் அழுகவிடும் அளவுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலி கட்டிய நிலமானாலும் விளைந்தது எடுப்பாரின்றி அழுகினால் அந்த நிலம் பிறர் எடுத்துக்கொள்ளத் தக்கதாகிவிடும் என்று அவர் எழுதினார். ஆனால் அழுகாத பணம் தோன்றியதும் அந்த எல்லை செயலிழக்கிறது என்பதையும் அவரே விளக்குகிறார். இன்றைய பரங்கி வணிகத்தில் அதைத் தெளிவாகக் காணலாம்: அக்டோபர் 31ஆம் நாள் ஹாலோவீனுக்காகக் குடைந்து விளக்கேற்றப்படும் காய்களில் பெரும்பகுதி உண்ணப்படாமல் குப்பைமேடுகளுக்குச் சென்று அழுகி மீத்தேன் வாயுவாகிறது, பண்ணையாளரின் கையில் பணம் அழுகாமல் இருப்பதால் எவரும் எல்லை மீறியதாக உணர்வதில்லை. கொண்டாட்டத்தைக் குறை கூற வேண்டியதில்லை. குழந்தைகளின் மகிழ்ச்சியும் விளைச்சலின் நியாயமான பயனே. உண்ணத்தக்க உணவு பசித்தவர் இருக்கும் நாட்டில் குப்பையாவதைச் சந்தை விலை ஒன்றே நியாயப்படுத்திவிடும் என்று கருதுவதுதான் தவறு.

ஆகவே விளைச்சல் கூலியா கொடையா என்னும் கேள்விக்குப் பரங்கி வயல் தரும் விடையை இவ்வாறு தொகுக்கலாம். உழைப்பு உழவருக்கு உண்மையான உரிமையைத் தருகிறது. அவரிடமிருந்து அதைப் பறிக்கும் எவரும் அநீதி செய்பவரே. ஆனால் அந்த உரிமை முழுமையானது அன்று, ஏனெனில் அது தன்னால் படைக்கப்படாத விதை, மண், நீர், உயிர், முன்னோர் அறிவு ஆகியவற்றோடு பிரிக்க முடியாதபடி கலந்தே விளைவாகிறது. நன்றி என்பது அந்த உரிமை எங்கே முடிகிறது என்பதை அறிதல். படைத்தவரை நம்புவோர் அந்த அறிவை வழிபாடாக அவரிடம் செலுத்துவர். நம்பாதோருக்கும் அது காட்டும் எல்லை மாறுவதில்லை, ஏனெனில் தேனீயும் ஓஹாக்கா உழவரும் அவர்களுடைய காயிலும் அதே பங்கை உடையவர்கள்.

அந்த எல்லையை மதிக்கும் பண்ணை சில செயல்களால் அடையாளம் காணப்படும். தேனீயின் வளைகள் சிதையாதபடி அது உழவின் ஆழத்தைக் குறைக்கும். பூ மலரும் காலைப் பொழுதில் பூச்சிக்கொல்லி தெளிக்காது. அறுவடை முடிந்த நிலத்தை வெறுமையாக விடாமல் மூடுபயிர் ஊன்றி மேல்மண்ணைக் காக்கும். விற்பனைக்கு ஆகாத, ஆனால் உண்ணத்தக்க காய்களைப் பொறுக்கிச் செல்ல மற்றவருக்கு வயலைத் திறந்துவிடும். நல்லெண்ணத்தோடு உணவை வழங்குவோருக்கும் வயலில் பொறுக்குவோருக்கும் 1996இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்பு அளிப்பதால், லேவியராகமத்தின் கட்டளையை இன்றும் நிறைவேற்ற அங்கே தடையில்லை. யாருடைய நிலத்தில் தாம் உழுகிறோம் என்பதைத் தம் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்வதும், அம்மக்களின் இன்றைய நில உரிமைக் கோரிக்கைகளுக்குச் செவிசாய்ப்பதும் இவற்றோடு சேர வேண்டும். இவற்றுள் எதையும் மாற்றாமல் விருந்து மேசையில் மட்டும் சொல்லப்படும் நன்றி அக்வினாஸின் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறது. மூன்றாம் படியில் கால் வைக்கும் குடும்பம்தான், தான் விளைவித்ததைத் தன்னுடையது என்று சொல்லும் தகுதியையும் பெறுகிறது.